இன்னும் ஓடுற மோட்டாரை எந்தக் கணக்கில் எழுதுவீங்க?

கோவையில் சப்மெர்சிபிள் மோட்டார் செய்யுற கம்பெனி ஒண்ணுல தரக்கட்டுப்பாட்டில் இருக்கேன். மோட்டாரோட ஆயுளை யாராவது கேட்டா, வாரண்டியில் திரும்பி வந்ததை மட்டும் கூட்டி வகுத்துச் சொல்லுவோம். ஏழு மாசம்னு வரும். வந்ததெல்லாம் காயில் கருகினது. போர்வெல்லில் இறங்கி இன்னிக்கும் தண்ணி எடுக்கிறது ஒண்ணுகூட அதில் இல்ல. அந்த ஏழு மாசத்தைப் பார்த்துட்டு முதலாளி, கம்பி சப்ளையரையே மாத்தச் சொல்லிட்டார்.

அப்பதான் கேப்லன்-மையர் முறையைப் படிச்சேன். கேப்லன் அமெரிக்காவில் பெல் தொலைபேசிக் கம்பெனியோட ஆய்வுக்கூடத்தில் தொலைபேசிக் கேபிளுக்கான வேக்யூம் ட்யூப் எத்தனை நாள் தாங்கும்னு பார்த்தவர். மையர் நோயாளிகளோட ஆயுளைக் கணக்குப் பார்த்தவர். ரெண்டு பேருக்கும் ஒரே சிக்கல்: இன்னும் முடியாத ஆயுளை எப்படிக் கணக்கில் சேர்க்கிறது? 1958ல் சேர்ந்து எழுதினாங்க.

கணக்கு சுலபம். 10 மோட்டார்னு வைங்க. 6ஆம் மாசம் ஒண்ணு போச்சு: 9/10. 8ஆம் மாசம் ரெண்டு பேர் வீட்டை வித்துட்டுப் போயிட்டாங்க, தகவல் இல்ல. மீதி 7. 10ஆம் மாசம் ஒண்ணு போச்சு: 6/7. பெருக்கினா 0.77, அதாவது பத்து மாசம் தாண்டி ஓட 77% வாய்ப்பு. அந்த ரெண்டும் எட்டு மாசம் ஓடினது வீணாகல, அதுக்கப்புறம் ஓடினதா நாம கற்பனையும் பண்ணல.

தயாரிச்ச மாசவாரியா, எத்தனை பங்கு இன்னும் ஓடுதுன்னு இப்படிக் கணக்குப் போட்டுக் கோடு வரைஞ்சேன். ஒரே ஒரு மாசத்துக் கோடு மட்டும் ஆரம்பத்திலேயே சரிஞ்சது. பிரிச்சுப் பார்த்தா கேபிள் ஜாயின்ட்டில் டேப் சரியா சுத்தல. கம்பி மேல குத்தமே இல்ல.

இப்ப மாசப் புகாருக்குக் கன்ட்ரோல் சார்ட்டும் போடுறேன்; வழக்கமான ஏற்ற இறக்கம் எது, நிஜமான மாற்றம் எதுன்னு எல்லைக்கோடு போட்டுக் காட்டுற வரைபடம் அது. சராசரி 9னா வர்க்கமூலம் 3, அதோட மூணு மடங்கு 9, சராசரியோட கூட்டினா மேல் எல்லை 18. 13 வந்ததுக்கெல்லாம் மீட்டிங் போட்டு ஆளைத் திட்டுறது எவ்வளவு அநியாயம்! (விற்பனை ஏறினா எண்ணிக்கையை விட்டுட்டு விகிதத்தைப் போடணும்.) உங்க இடத்தில் எப்படி?

*

சார், நான் மதுரையில் டயாலிசிஸ் யூனிட் நர்ஸ். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போடுற குழாய், அதாவது கதீட்டர்ல தொற்று அபூர்வமாத்தான் வரும். மாசக் கணக்கு போட்டா பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணு. அதில் ஒண்ணும் தெரியாது. அதனால ஒரு தொற்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எத்தனை நாள்னு காலண்டர் அட்டைக்குப் பின்னாடி எழுதி வச்சேன். இடைவெளி தொடர்ந்து குறுகினப்ப, சாயங்கால ஷிப்ட்ல நின்னு பார்த்தேன். கதீட்டரோட மூடியைத் திறந்ததும் அதன் வாயைக் கிருமிநாசினியால் 15 நொடி தேய்க்கணும். கூட்டத்தில் ஒரு துடைப்போட விட்டுட்டாங்க. பாவம், ஆள் பத்தல.

ஒண்ணு கவனிங்க சார். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைச்சுப் பண்றது) தயாராகி எடுத்த கதீட்டரை, 'அதுவரை நல்லா இருந்தது'ன்னு எழுதலாம். காய்ச்சல் வந்து சந்தேகத்தில் எடுத்ததை அந்தப் பத்தியில் போட்டுடாதீங்க. கோடு அழகா நிக்கும், ஆனா அது பொய்.

*

ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் லேப்ல 20 வருஷம் இருந்தவன். கவுன்ட், அதாவது நூலோட மென்மை அளவு, கொஞ்சம் ஏறினா உடனே மெஷின்ல பல்சக்கரத்தை மாத்துவோம், மறு ஷிப்ட் இறங்கினா திருப்பி மாத்துவோம். ஆட்டமே எங்க கையால வந்ததுன்னு சார்ட் போட்டப்புறம்தான் தெரிஞ்சது. எல்லைக்குள்ள இருந்தா தொடாதேன்னு சொன்னதும் மெயின்டனன்ஸ்காரர் சண்டைக்கே வந்துட்டார். பிறகு ஒரு தடவை எட்டுப் புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் நின்னுச்சு, ஒண்ணுகூட எல்லை தாண்டல. போய்ப் பார்த்தா, பஞ்சு இழையை இழுத்து நேராக்குற டிரா ஃப்ரேம் மெஷின்ல மேல் உருளை தேஞ்சிருந்தது.

ஷூஹார்ட் இந்த சார்ட்டை 1924ல் அதே பெல் குழுமத்து வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் வரைஞ்சு காட்டினவர். 1947 கடைசியில் நம்ம புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அழைச்சு இந்தியாவுக்கும் வந்திருக்கார். நம்ம மில்களுக்கு இது புதுசு இல்ல தம்பி.

*

சிஸ்டர், நீங்க சொன்னதைப் படிச்சதும் பக்குனு ஆச்சு. காயில் போனதை டீலரே கைக்காசு போட்டு ரீவைண்டிங் பண்ணிக் கொடுத்த மோட்டாரை நாங்க 'தகவல் இல்லை'ன்னு போட்டிருக்கோம். திங்கக்கிழமை பொள்ளாச்சி டீலர்கிட்ட அவரோட நோட்டைக் கேட்டு வாங்கப் போறேன்.