உதவி: லைசென்ஸில் ‘ஏஎல் முனியாண்டி’, ஒப்பந்தத்தில் ‘முனியாண்டி’. யூசிசி-1-ல் எதைப் போடுவது?

இரவு_ஷிஃப்ட் (பங்சார் சவுத்)
வணக்கம். அமெரிக்கக் கடன் கோப்புகளைப் பார்க்கும் பேக் ஆபிஸில் வேலை. உணவகங்களுக்கு ஓவன், ஃபிரீசர் வாங்கக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக, அந்தச் சாமான்கள் மீது அதற்கு உள்ள பிடிமானத்தை (கடன் திரும்பாவிட்டால் சாமானை எடுத்துக்கொள்ளும் உரிமை) அமெரிக்க மாநில அலுவலகத்தில் பதியும் யூசிசி-1 படிவங்களை இங்கிருந்து நிரப்பி அனுப்புகிறோம்.

இப்போது வந்திருக்கும் கடனாளி நம்ம ஊர் ஆள். பேராக்கில் பிறந்தவர், டெக்சாஸில் குடியிருந்து அங்கேயே கடை நடத்துகிறார். கம்பெனி எதுவும் இல்லை, சொந்தப் பெயரில்தான் வியாபாரம். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்:

மலேசியப் பாஸ்போர்ட்: சரவணன் ஏ/எல் முனியாண்டி (ஏ/எல் என்றால் மலாயில் ‘அனாக் லெலாக்கி’, அதாவது இன்னாரின் மகன்)
டெக்சாஸ் லைசென்ஸ்: ஏஎல் முனியாண்டி (மேல் வரி), சரவணன் (கீழ் வரி)
கடன் ஒப்பந்தம்: சரவணன் முனியாண்டி
கடைப் பெயர்: சரவணா கிச்சன்

எங்கள் செக்கரும் தமிழர்தான். “ஏ/எல் ஒரு பெயரா? எடுத்துவிடு, ஒப்பந்தத்தில் இருப்பதைப் போடு” என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் லீட் “எதையும் தொடாதே” என்று ஒரு வரி மெயில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஓவன் அடுத்த வாரம் கடையில் இறங்குகிறது. கையில் இருக்கும் லைசென்ஸ் ஸ்கேனும் மங்கல். யாராவது சொல்லுங்கள்.

செந்தூல்_பையன்
பாஸ்போர்ட்தானே எல்லாவற்றுக்கும் மேல்? அதில் இருப்பதை அப்படியே போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் லா.

பழைய_ஃபைலர்
தம்பி செந்தூல், இந்த விஷயத்தில் பாஸ்போர்ட்டுக்கு மதிப்பே இல்லை.

யூசிசி என்ற அமெரிக்க மாநிலங்களின் பொது வணிகச் சட்டத்தில் பிரிவு 9-503-ஐ 2010-இல் திருத்தினார்கள்; 2013 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தனிநபர் கடனாளிக்கு மாநிலங்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலானவை எடுத்தது முதல் வழி: கடனாளி குடியிருக்கும் மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத ஓட்டுநர் லைசென்ஸில் என்ன பெயர் இருக்கிறதோ அது மட்டுமே செல்லும். டெக்சாஸ் இந்த வகை. டெலவேர் போன்ற சில மாநிலங்களில் லைசென்ஸ் பெயரும் செல்லும், அவருடைய உண்மையான பெயரும் செல்லும். உங்கள் ஆளுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘ஏஎல் முனியாண்டி’, முதல் பெயர்க் கட்டத்தில் ‘சரவணன்’. கடைப் பெயரை மட்டும் போட்டால் அந்தப் பதிவு செல்லவே செல்லாது, அதை மறந்துவிடுங்கள்.

உங்கள் செக்கர் சொல்வது தமிழனுக்குச் சரி. ஆனால் தேடப்போவது தமிழன் இல்லை, பதிவு அலுவலகத்தின் கணினி. அடுத்த கடன்காரர் லைசென்ஸைப் பார்த்து அந்தப் பெயரைத் தட்டுவார். பிழையான பெயருக்குச் சட்டம் ஒரே ஒரு சலுகைதான் தருகிறது (9-506): சரியான பெயரை வைத்து, அலுவலகத்தின் வழக்கமான தேடல் முறையில் தேடும்போது உங்கள் பதிவு வந்து விழுந்தால் பிழை மன்னிக்கப்படும். வராவிட்டால் பதிவு இல்லாத மாதிரிதான். பல மாநிலங்களில் அந்தக் கணினி புள்ளி, காற்புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிடும். முதல் பெயர், நடுப்பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளும். குடும்பப் பெயரில் அந்தத் தாராளம் கிடையாது. இடைவெளியை எடுத்தால் உங்கள் ஆள் ‘ஏஎல்முனியாண்டி’, ஏ வரிசையில் நிற்பார். செக்கர் சொன்னபடி போட்டால் எம் வரிசையில். இரண்டும் ஒருபோதும் சந்திக்காது.

இண்டியானாவில் 2017-இல் ஒரு திவால் வழக்கு. கடனாளியின் நடுப்பெயர் லைசென்ஸில் ‘மார்க்ட்’. ஒரு கடன்காரர் அதை ‘மார்க்’ என்று பதிந்தார். கேட்டால் யாருக்கும் ‘மார்க்’தான் சரி என்று தோன்றும். லைசென்ஸில் இருந்தபடி எழுதிய இன்னொரு வங்கிதான் ஜெயித்தது. ஒரே ஒரு எழுத்து!

இரவு_ஷிஃப்ட்
அக்கா, ரொம்ப நன்றி. அப்படியானால் ஒப்பந்தத்தில் உள்ள பெயரைச் சேர்க்கவே கூடாதா? அப்புறம், மங்கல் ஸ்கேனில் ‘ஏஎல்’ சேர்ந்திருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்றே தெரியவில்லை.

பழைய_ஃபைலர்
சேர்க்கலாம், சேர்ப்பது நல்லது. அதே படிவத்தில் இரண்டாவது கடனாளிக்கான கட்டம் இருக்கிறது, அதில் ‘முனியாண்டி / சரவணன்’ போடுங்கள். ஒரே ஆளை இரண்டு பெயரில் பதிவதில் தவறில்லை. ஆனால் முதல் படிவத்திலேயே செய்யுங்கள். பிறகு யூசிசி-3 என்ற திருத்தப் படிவம் போட்டுச் சேர்த்தால் அந்தப் பெயருக்குச் சேர்த்த தேதியிலிருந்துதான் பலன்.

ஓவன் வாங்கவே கொடுத்த கடன் என்பதால் இன்னொன்று. சாமான் அவர் கைக்கு வந்த 20 நாளுக்குள் சரியான பெயரில் பதிந்துவிட்டால், முன்பே எல்லாச் சொத்தையும் பிடித்துவைத்திருக்கும் வங்கியையும் அந்த ஓவன் விஷயத்தில் முந்தலாம். அதனால் அவசரப்பட்டுத் தப்பாகப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரு நல்ல ஸ்கேன் கேட்டு வாங்க நேரம் இருக்கிறது.

கார்டின் முன்பக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக 1, 2 என்று எண் இருக்கும். 1 குடும்பப் பெயர், 2 மற்ற பெயர்கள். நம் பெயர்களில் எது எது என்று நாம் யோசிக்கவே வேண்டாம், கார்டே சொல்லிவிடும். பின்பக்கப் பார்கோடில் டிசிஎஸ் என்ற குறிக்குப் பின்னால் குடும்பப் பெயர், டிஏசி முதல் பெயர், டிஏடி நடுப்பெயர். நீளமான பெயர் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதற்கும் அதிலேயே குறி உண்டு. டிடிஈ-க்குப் பின்னால் ‘டி’ என்று இருந்தால் குடும்பப் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது. முன்பக்கம் மங்கலாக இருந்தால் இதை வைத்துச் சரிபார்க்கலாம். தயவுசெய்து ஆபிஸ் ஸ்கேனரில் படியுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பார்கோடு ரீடரில் யாருடைய லைசென்ஸையும் ஏற்றாதீர்கள்.

லைசென்ஸ் காலாவதித் தேதியையும் காலண்டரில் போட்டு வையுங்கள். புதுக் கார்டில் பெயர் வேறு மாதிரி வந்து, பழைய பதிவு அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காமல் போனால், மாற்றத்துக்குப் பிறகு நான்கு மாதம் தாண்டி அவர் வாங்கும் சாமானுக்கு அது உதவாது. அதற்குள் திருத்திவிட வேண்டும்.

பாயான்_லெப்பாஸ்_ராணி
பினாங்கில் கம்பெனி செக்ரட்டரி வேலை பார்க்கிறேன். இங்கே எஸ்எஸ்எம்-இல் (மலேசியக் கம்பெனிப் பதிவகம்) சார்ஜ், அதாவது கம்பெனிச் சொத்தின் மீதான கடன் பிடிமானம், பதியும்போது எங்கள் தலைவலி 30 நாள் கெடுதான் (2016 கம்பெனிச் சட்டம், பிரிவு 352). பெயரில் ஒரு எழுத்து போனாலும் பதிவு எண் காப்பாற்றும், 2019 அக்டோபரிலிருந்து 12 இலக்க எண் வேறு வந்துவிட்டது. அங்கே எண்ணே கிடையாதா? கம்பெனிக் கடனாளி என்றால் என்ன செய்கிறீர்கள்?

பழைய_ஃபைலர்
ராணி, அங்கே தேடல் பெயரை நம்பித்தான். 2013 படிவத்தில் நிறுவன எண் கேட்கும் கட்டத்தையும் எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி என்றால் மாநிலத்தில் தாக்கலான அமைப்பு ஆவணத்தில், கடைசித் திருத்தம் வரை, என்ன பெயர் இருக்கிறதோ அது. லெட்டர்ஹெட், இன்வாய்ஸ், மாநில இணையதளத்தில் வரும் தேடல் பட்டியல் எதுவும் ஆதாரம் இல்லை. ஃபுளோரிடாவில் ‘1944 பீச் புலவார்ட், எல்எல்சி’ என்ற கம்பெனியை ஒரு வங்கி, புலவார்ட் என்பதைச் சுருக்கி ‘பிஎல்விடி.’ என்று பதிந்தது. 2022-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்போது அங்கே தேடினால் பொருந்தும் பெயர் மட்டும் வரவில்லை, அகரவரிசையில் மொத்தப் பட்டியலும் வந்து நின்றது, முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே போக முடிந்தது. அதை வழக்கமான தேடல் முறை என்றே சொல்ல முடியாது, ஆகவே பிழைக்கான சலுகையும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். எனக்கு இது கொஞ்சம் கொடூரமாகத்தான் தெரிகிறது, ஆனால் தீர்ப்பு அதுதான்.

இரவு_ஷிஃப்ட்
புது ஸ்கேன் வந்துவிட்டது. 1-க்குப் பக்கத்தில் ‘ஏஎல் முனியாண்டி’, இடைவெளியோடு. பார்கோடும் அதையே சொல்கிறது, வெட்டுப்படவில்லை. அதை முதல் கடனாளியாகவும் ஒப்பந்தப் பெயரை இரண்டாவதாகவும் போட்டு அனுப்பிவிட்டேன். செக்கர் முனகிக்கொண்டே ஓகே கொடுத்தார். பதிவு ஏறியதும் லைசென்ஸ் பெயரில் தேடிப் பார்க்கிறேன்.

வரிசையில் அடுத்த கோப்பைத் திறந்தேன். லைசென்ஸில் குடும்பப் பெயர் ‘கலைச்செல்வி’, முதல் பெயர் ‘எஃப்என்யூ’. முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்தானே அது? அதையுமா போட வேண்டும்?

பழைய_ஃபைலர்
போடுங்கள். கார்டில் அச்சாகியிருக்கிறதே. கூடவே இரண்டாவது கடனாளியாக, குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘கலைச்செல்வி’ மட்டும், முதல் பெயர் காலி. மாற்றிப் போட்டால், அதாவது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அலுவலகமே படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.