புதுப்பிப்பு: மெர்குரியலிலிருந்து கிட்டுக்குப் போன பேட்சில் படங்கள் காணாமல் போனது ஏன்?

மெர்குரியல், கிட் இரண்டும் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவிகள். மெர்குரியலில் எடுத்த பேட்சை (மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பை) கிட்டில் சேர்த்தால் உரை மாற்றங்கள் சரியாக வருகின்றன. படங்கள் வருவதில்லை, ஸ்கிரிப்ட் இயங்கும் அனுமதியை இழக்கிறது என்று இந்த இழையில் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

பேட்ச் எடுக்கும் மெர்குரியல் கட்டளையான 'எச்ஜி எக்ஸ்போர்ட்' இயல்பாகப் பழைய டிஃப் வடிவில் (உரை வரிகளின் வேறுபாட்டை மட்டும் காட்டும் வடிவில்) எழுதுகிறது. பைனரி உள்ளடக்கம் (படம் போன்ற உரையல்லாத தரவு), பெயர் மாற்றம், இயக்க அனுமதி எதற்கும் அதில் இடமில்லை. கட்டளையோடு '--கிட்' சேர்த்தால் போதும். மறந்துபோகும் என்றால் மெர்குரியலின் அமைப்புக் கோப்பான எச்ஜிஆர்சியில் டிஃப் பகுதியின் கீழ் 'கிட் = ட்ரூ' என்று எழுதிவிடுங்கள்; நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மறுபக்கம், பேட்சைச் சேர்க்கும் கிட் கட்டளையான 'கிட் ஏஎம்' மெர்குரியலின் தலைப்பு வரிகளைப் புரிந்துகொண்டு ஆசிரியர், தேதி, குறிப்பு மூன்றையும் எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் பெயரோடு மின்னஞ்சலும் இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல்: பேட்ச் கிட்டில் உள்ள கோப்போடு முரண்பட்டால், மூலக் கோப்பையும் வைத்து ஒப்பிட்டு இணைக்கும் '-3' தேர்வு கைகொடுக்காது. மெர்குரியல் உரைக் கோப்புகளுக்கு இன்டெக்ஸ் வரி (கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் வரி) எழுதுவதில்லை என்பதால், மூல பிளாப் (கிட் சேமித்து வைத்திருக்கும் கோப்பு உள்ளடக்கம்) எது என்று கிட்டுக்குத் தெரியாது. 'கிட் ஏஎம்' கட்டளையோடு '--ரிஜெக்ட்' போட்டு, ஒட்டாத துண்டுகளைக் கையால் சேர்க்க வேண்டும்.

எதிர்த்திசையில், அதாவது கிட்டிலிருந்து மெர்குரியலுக்கு, 'கிட் ஃபார்மட்-பேட்ச்' தரும் பேட்சை 'எச்ஜி இம்போர்ட்' அப்படியே ஏற்கும். மெர்ஜ் கமிட்டுகளை (இரண்டு கிளைகளை இணைக்கும் பதிவுகளை) மட்டும் பேட்ச் வழியாக எந்தத் திசையிலும் அனுப்பாதீர்கள்: மெர்குரியல் அவற்றை முதல் பெற்றோரோடு (முந்தைய இரு பதிவுகளில் முதலாவதோடு) மட்டும் ஒப்பிடும், கிட் அவற்றை விட்டுவிடும்.