செல் நாற்று: வெண்புள்ளிச் சிகிச்சைக்கு ஒரு சொல் தேடி

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வெண்புள்ளி (விடிலிகோ) உள்ளவரின் தோலிலிருந்தே செல் எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, அவருக்கே திரும்ப இடும் சிகிச்சைக்கு நல்ல தமிழ்ச்சொல் எது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 'தோல் உயிரணு வளர்ப்பு மாற்றுச் சிகிச்சை' என்பதே போதும், இதற்கு மேல் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். போதாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் கிருஷ்ணகிரியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறவன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அக்கா மகளுக்கு முழங்காலுக்குக் கீழே பெரிய வெண்புள்ளி. இரண்டு வருடமாகப் பரவாமல் அப்படியே நிற்கிறது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். தமிழில் இருந்தது, அதுவரைக்கும் சந்தோஷம். பிரித்துப் பார்த்தால், 'கலாச்சாரப்படுத்தப்பட்ட தோல் உயிரணு மாற்று அறுவை' என்று தலைப்பு. ஆய்வகத்தில் வளர்த்தது என்ற பொருளில் வரும் 'கல்ச்சர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை எந்த இயந்திரம் இப்படி மொழிபெயர்த்ததோ தெரியாது. அக்கா இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "யாரு தோலுடா வைக்கப் போறாங்க? செத்தவங்களோடதா?" மாமாவின் கண் 'உயிரணு' என்ற இடத்தில் நின்றது. பெண்ணின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்து நிலையச் சுவரில் 'உயிரணு குறைபாடா?' என்று ஆண்மைக்குறைவு வைத்திய விளம்பரம் ஒட்டியிருப்பதைத் தினமும் பார்க்கிற மனிதர், பாவம், வேறென்ன நினைப்பார்?

அதனால் முதலில் 'உயிரணு'வை விட்டுவிடுவோம். பாடநூலில் நல்ல சொல்லாகவே இருந்தது, சந்தையில் கெட்டுப்போய்விட்டது. வெறும் 'அணு' என்றால் கூடங்குளம் ஞாபகம் வருகிறது. இலங்கை நண்பர் சொன்ன 'கலம்' அழகான சொல்தான், ஆனால் எங்கள் பக்கம் கலம் என்றால் இன்னும் பாத்திரம்தான். 'செல்' என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்டெம் செல் என்று ஊரே சொல்கிறது, தமிழக அரசுப் பாடநூலிலும் இப்போது செல்தான்.

அடுத்தது 'மாற்று'. சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று என்று கேட்டுப் பழகியவருக்கு, மாற்று என்றதும் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இங்கே கொடுப்பதும் வாங்குவதும் ஒரே ஆள். தொடையிலிருந்து மெல்லிய சீவலாகத் தோல் எடுக்கிறார்கள். டிரிப்சின் என்ற நொதியில் 37 டிகிரி சூட்டில் ஊறவைத்தால் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். அவற்றில் தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்கிற நிறமிச் செல்களைத் தட்டில் ஊட்டநீர் விட்டுச் சில வாரம் பெருக்கி, அதே ஆளின் வெண்புள்ளியில் பரப்புகிறார்கள். எதையும் கழற்றி மாட்டவில்லை. நிறமிச் செல் அழிந்துபோன இடத்தில் அவருடைய செல்லையே திரும்பக் குடிவைக்கிறார்கள். இப்படி வளர்த்த நிறமிச் செல்களை வெண்புள்ளியில் இட்டுப் பார்த்ததை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் குழுவினர் 1987இல் வெளியிட்டார்கள். தூக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்த அதே லெர்னர்தான்.

'வளர்ப்பு' சிக்கலான சொல். வளர்ப்பு மகள் என்றால் பெறாத மகள். வளர்ப்புச் செல் என்று எழுதிவிட்டு, உன் சொந்தச் செல்தான் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். 'கல்ச்சர்' என்றே விடலாமே என்று ஒருவர் கேட்டார். நான் தினமும் யூரின் கல்ச்சர் பார்க்கிறவன். இங்கே கல்ச்சர் என்றால் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. கிருமியை வளர்க்கிற தட்டிலிருந்து காலுக்கு ஏதோ வருகிறது என்று தெரிந்தால் அக்கா அந்தப் பக்கமே போகமாட்டாள்.

'ஒட்டு' என்று வைக்கலாமே என்று எழுதிய குழுமத்து அம்மாவுக்கு: எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. சந்தூர் பக்கம் மாங்கன்று விற்கிற ஊரில் ஒட்டுச்செடி தெரியாதவர் உண்டா? ஆனால் ஒட்டு என்றால் துண்டைத் துண்டாகவே பொருத்துவது. அது வேறு சிகிச்சை, அதற்கு அந்தச் சொல்லை ஒதுக்கிவைப்போம். தோலைச் சிறு வட்டமாகக் குடைந்தெடுத்துப் பதிப்பதற்குப் 'பொட்டொட்டு' என்று சொல்லலாம், பார்க்கவும் வரிசையாகப் பொட்டு வைத்த மாதிரிதான் இருக்கும். சில சமயம் அது ஆறியபின் கூழாங்கல் பரப்பினது போல மேடுதட்டும். உறிஞ்சிக் கொப்புளம் எழுப்பி அதன் மேல்தோலை எடுத்து வைப்பது 'கொப்புள ஒட்டு'.

இப்போது என் சொல். ராகியை எங்கள் ஊரில் இரண்டு விதமாகப் போடுவார்கள். மானாவாரி என்றால் நேரே விதைத்துவிடுவது. கிணற்றுத் தண்ணீர் இருந்தால் நாற்றுவிட்டு, மூன்று வாரம் போலக் கழித்துப் பிடுங்கி நடுவது. இந்தச் சிகிச்சையிலும் இதே இரண்டு பிரிவு உண்டு. தட்டில் பெருக்காமல், பிரித்தெடுத்த செல்களை அன்றைக்கே பரப்பும் முறையை 1992இல் பிரான்சின் கோத்தியேவும் சுர்லேவ் பாசேயும் எழுதினார்கள். எடுத்த தோலைப் போலப் பத்து மடங்கு பரப்புக்கு அது தாங்கும். அது 'செல் விதைப்பு'. தட்டில் பெருக்கி அதைவிடப் பெரிய பரப்புக்கு இடுவது 'செல் நாற்று நடவு', சுருக்கமாகச் 'செல் நாற்று'. எந்தச் செல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் முன்னால் 'நிறமி' சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பிரிக்க, ஒன்றை 'வளர்க்காதது' என்று எதிர்மறையாகச் சொல்கிறார்கள். நமக்கு இரண்டுக்கும் நேர்ச்சொல்லே கையில் இருக்கிறது.

இன்னொரு வகை இருக்கிறது. தோல் செல்களை ஏடு போல ஒரே படலமாக வளர்த்து அப்படியே எடுத்துப் போர்த்துவது. தீக்காயத்துக்கு முதலில் வந்தது, பிறகு வெண்புள்ளிக்கும் வந்தது. இயந்திர நடவுக்கு நெல்லைப் பாய் நாற்றங்காலில் விட்டுச் சுருட்டி எடுத்துப் போவதைப் பார்த்தவருக்கு இதற்குச் சொல் தேடவே வேண்டாம். 'செல் பாய்'.

குழுமத்தில் ஒருவர் கேட்டது: விதை ஒன்றுக்கு நாற்று ஒன்றுதான். செல் பலவாகப் பெருகுகிறதே, உவமை பொருந்துமா?

நியாயமான கேள்வி, முழுதாகப் பதில் இல்லை. ஆய்வகத்தில் வளர்க்கும் திசு வாழை இந்த இடத்தில் இன்னும் சரியாகப் பொருந்தும். ஒரு கிழங்கின் நுனியிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்று வருகிறது, விவசாயிக்கும் தெரியும். ஆனால் 'திசுத்தோல்' என்றால் ஒன்றும் விளங்காது. நாற்று என்ற சொல்லில் வேறிடத்தில் வளர்த்து எடுத்துவந்து நடுவது என்ற செய்தி வந்துவிடுகிறது. படிவத்தைப் படிக்கிறவருக்கு அதுதான் தெரிய வேண்டும். நட்ட பிறகு நிறம் சுற்றிலும் பரவுவதைத் பயிர் அடியில் கிளைப்பதைப் போலத் 'தூர் கட்டுதல்' என்று சொல்லலாமா என்று கூட யோசித்தேன். அது அதிகப்படி, விட்டுவிட்டேன்.

உவமைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது, சிகிச்சையின் நிபந்தனைகளும் அதனால் எளிதில் புரிகின்றன. குறைந்தது ஒரு வருடம் புதுப் புள்ளி வராமல், பழையது பெரிதாகாமல் இருந்தால்தான் இதைச் செய்வார்கள். நோய் சீறிக்கொண்டிருக்கும்போது செய்தால், நட்டது போவதோடு தோல் எடுத்த தொடையிலும் வெள்ளை விழலாம். 'அடங்கிய வெண்புள்ளி' என்று எழுதினால் அக்காவுக்குச் சட்டென்று புரிகிறது. நடுவதற்கு முன் மேல்தோலைச் சுரண்டிப் பதப்படுத்துவதை அவளே "உழுவுறது" என்றாள். கட்டுப் போட்டு ஒரு வாரம் காலை அசைக்கக்கூடாது என்றதற்கும், நிறம் கூடிவர மாதக்கணக்கில் ஆகும் என்றதற்கும் முகம் சுளிக்கவில்லை. விரல் நுனி, உதடு மாதிரி இடங்களில் அவ்வளவாகப் பிடிக்காது என்றதும், "எல்லா மண்ணுலயும் வருமா" என்று கேட்டாள்.

போகிற போக்கில் ஒன்று. இழையில் இரண்டு பேர் 'வெண்குட்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். குட்டம் கிருமியால் வருவது. இது உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்லையே தாக்குவது, தொட்டால் ஒட்டாது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இந்த ஒரு சொல்லால் எத்தனை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அக்காவைக் கேளுங்கள்.

தோல் எடுக்கும் இடத்துக்கு மட்டும் இன்னும் சொல் அகப்படவில்லை. 'கொடையிடம்' என்றால் மறுபடியும் யார் கொடை என்ற கேள்வி வரும். 'நாற்றங்கால்' ஆய்வகத் தட்டுக்குப் போய்விட்டது. 'தாய்த்தோல்' என்றால் அம்மாவின் தோல் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவிடமே கேட்டுப் பார்த்தேன். "தொடைன்னு எழுதுடா" என்றாள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து