14-ஆவது நிமிடத்தில் உடைவது பாட்டா, ஃபைலா?

கோட்டை அகழி: நேற்று நம் வேலூர்க் குழுவில் குடியாத்தம் குயில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சிகாகோவின் டார்ட்டாய்ஸ் இசைக்குழு 1996-இல் போட்ட ஆல்பத்தின் முதல் உருப்படி ‘ஜெட்’. ஏறக்குறைய 21 நிமிடம், பாடகர் கிடையாது. டப் (பதிவான பாட்டை மிக்ஸரில் வெட்டி, எக்கோ சேர்த்து மாற்றுகிற ஜமைக்கா பாணி), ஜாஸ், எலக்ட்ரானிக் எல்லாம் கலந்து ஓடும். 14-ஆவது நிமிடம் வாக்கில் சத்தம் விக்கி, கிழிந்து, சிதறும். அதற்குத்தான் இவர் ‘ஃபைல் கெட்டுப்போச்சு, நல்ல காப்பி போடுங்க’ என்கிறார். ஐயா, அது வேண்டுமென்றே வைத்தது!

குடியாத்தம் குயில்: வேண்டுமென்றே என்று உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்களா?

கோட்டை அகழி: சிடி, எல்பி, ஆன்லைன் எதில் கேட்டாலும் அதே இடத்தில்தான் உடைகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மைக்செட் மாமா: காப்பிகளுக்கெல்லாம் மூலமான மாஸ்டர் பதிவே கெட்டிருந்தால் எல்லாக் காப்பியிலும் அதே இடத்தில்தான் வரும் தம்பி. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிற குடும்பம் எங்களுடையது. டேப் சிக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் குரல் இழுக்கும், அப்புறம் அமுங்கும், கடைசியில் கேசட்டைத் திறந்தால் ரோலரில் முடி மாதிரி சுற்றியிருக்கும். பென்சில் விட்டுத்தான் எடுக்க வேண்டும். இதில் இழுவையே இல்லை, டக் டக்கென்று வெட்டுகிறது. கெட்டுப்போனதுதான்.

ஆம்பூர்க்காரன்: மாமா, அதைப் பதிவு செய்தவர் ஜான் மெக்கென்டைர். அந்தக் குழுவிலேயே டிரம்ஸ் வாசிக்கிறவர். மாஸ்டர் கெட்டது அவருக்குத் தெரியாமல் போகுமா?

மைக்செட் மாமா: டிரம்ஸ் அடிக்கிறவனை மிக்ஸரில் உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும். டப் பற்றி எனக்கே பாடமா? ஜமைக்காவில் அதை வளர்த்த கிங் டப்பி யார்? ரேடியோ ரிப்பேர்காரர். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றியவர், ஆம்ப்ளிஃபயர் கட்டியவர். என் ஜாதி! நாலு ட்ராக் மிக்ஸரில் குரலை இறக்கிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் தள்ளி, ஒரே ஒரு அடிக்கு மட்டும் எக்கோவைத் திறந்து மூடுவார். எல்லாம் விரல் கணக்கு. அதில் எங்கேயாவது கிழிசல் உண்டா? இல்லை. ஆகவே இது கெட்டுப்போனதுதான்.

கோட்டை அகழி: நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தானே! டப்பில் மிக்ஸரும் ஒரு வாத்தியம். பாட்டை வெட்டுவதும் வாசிப்புதான்.

குடியாத்தம் குயில்: வெட்டுவது வாசிப்பு என்றால் எங்கள் தெரு கரண்ட் பெரிய வித்வான். ராஜா 1986-லேயே குரல் இல்லாமல் ‘ஹவ் டு நேம் இட்’ கொடுத்தார். அதில் ஒரு இடம் விக்குமா?

ஆம்பூர்க்காரன்: எதைப் பேசினாலும் ராஜாவை இழுத்து வந்துவிட வேண்டியது.

குடியாத்தம் குயில்: ராஜாவைப் பேசினால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது? 2019-லேயே ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வேலூர்க் குழுவில் உங்களுக்கு என்ன வேலை?

ஆம்பூர்க்காரன்: பிரியாணி என்றால் மட்டும் ஆம்பூர் உங்களுக்குச் சொந்த ஊர், இல்லையா? வட ஆற்காடாக இருந்த காலத்திலிருந்தே நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

பாலாற்று மணல்: நான் அந்த உருப்படியைக் கேட்கவில்லை. ஆனால் பிரியாணிக்கு வாணியம்பாடிதான்.

கோட்டை அகழி: பிரியாணியை விடுங்கள். 1998-இல் வந்த அவர்களின் அடுத்த ஆல்பத்தில் ஜெஃப் பார்க்கர் என்ற ஜாஸ் கிட்டார்காரர் வாசிக்கிறார். அதைக் கேட்டால் இவர்கள் தெரியாமல் எதையும் விடுகிறவர்கள் இல்லை என்று புரியும்.

மைக்செட் மாமா: அடுத்த ஆல்பத்தை ஏன் இழுக்கிறாய்? 14-ஆவது நிமிடத்துக்கு வா. சத்தம் உடைகிறதா இல்லையா?

கோட்டை அகழி: உடைகிறது. உடைத்தார்கள்!

மைக்செட் மாமா: உடைகிறது என்று நீயே சொல்லிவிட்டாய். உடைந்ததைத்தான் எங்கள் கடையில் கெட்டுப்போனது என்போம்.

கோட்டை அகழி: போன வருஷம் கல்யாணத்தில் உங்கள் பாக்ஸ் இரண்டு மணிநேரம் கர்ரென்று இரைந்ததே, அதையும் டப் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டோம்.

மைக்செட் மாமா: அந்தக் கல்யாணத்துக்குப் பாதி வாடகை இன்னும் வரவில்லை தம்பி. இரைந்தது பாக்ஸ் இல்லை, மண்டபத்து எர்த்து.

குடியாத்தம் குயில்: மாமா சொன்னால் சரிதான். அட்மின், நல்ல காப்பி யாரிடமாவது இருந்தால் போடச் சொல்லுங்கள்.

கோட்டை அகழி: நல்ல காப்பியே அதுதான்யா!