இருமினால், தும்மினால் சிறுநீர்க் கசிவு: பயிற்சியின் பலன் எத்தனை காலம் நிற்கும்?

சேலத்துக்காரி:
தங்கை வளைகாப்பு. அடுப்படியில் மிளகாய் தாளித்த நெடி ஏறி அடுக்குத் தும்மல். பட்டுப்புடவை பின்னால் நனைந்துவிட்டது. சின்ன மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் என் முதுகோடு ஒட்டி அறைவரை நடந்து வந்தார். கதவைச் சாத்தியதும், "எனக்கு இருபது வருஷமா இருக்கு கண்ணு, யார்கிட்டச் சொல்றது" என்றார். அந்தக் குரல் மனசை விட்டுப் போகவே இல்லை. பெரியவன் பிறந்தபோது எனக்குக் கீகல் பயிற்சியில், அதாவது இடுப்படித் தசையை இறுக்கி விடும் பயிற்சியில், கசிவு முழுசாக நின்றிருந்தது. அப்புறம் விட்டுப்போயிற்று. ஒருமுறை வந்த பலன் நிலைக்காதா?

திருச்சி வாசகி:
எனக்குப் பலன் வந்ததே இல்லை. டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இறுக்கி இறுக்கி விடும்மா" என்றார். எதை இறுக்குவது? பல மாதம் கழித்து ஒரு பெண் பிசியோ கையுறை போட்டு விரலால் சோதித்துவிட்டு, "நீங்க உள்ளே இழுக்கல, கீழே முக்குறீங்க" என்றார். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். கீகல் என்று யார் சொன்னாலும் கோபம் வருகிறது.

ஒஸ்லோத் தமிழ்ப்பெண்:
திருச்சி அக்கா, அந்தக் கோபம் சொல்லித்தந்தவர் மேல் இருக்கட்டும், பயிற்சி மேல் வேண்டாம். இருமினால் கசிகிற வகையில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 காக்ரேன் தொகுப்பாய்வில் இருக்கிறது.

சேலம் அக்கா கேட்டதை இங்கே நோர்வேயில் காரி பூ என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். தீவிரப் பயிற்சி பெற்ற பெண்களில் 70 சதவீதம் பேர் 5 ஆண்டு கழித்தும் வாரம் ஒருமுறையாவது செய்தார்கள், பலனும் நின்றது. 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது வாராவாரம் செய்தவர்கள் 28 சதவீதம். தீவிரமாகப் பயின்ற குழு, வீட்டில் மட்டும் செய்த குழு என்ற வித்தியாசமே இல்லாமல் போனது. இரண்டிலும் பாதிப்பேர் கசிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். நானும் பிள்ளையோடு ட்ரம்போலினில் ஏறி, ஒரே குதியில் இறங்கி, ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
எனக்கும் உண்டு, அதை விடுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் பின்பக்கத்தையும், சிறுநீரை அடக்குவதுபோல் முன்பக்கத்தையும் சேர்த்து மேலே இழுக்கணும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு சொல்வது வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். தும்மல் வருகிறது என்று தெரிந்ததுமே இறுக்கிக்கொள்ளுங்கள், இது தனியாகவே நல்ல பலன் தரும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் கவனிக்காமல் விட்டால் தசைக்கு ஓய்வே இல்லை. எரிச்சலோ ரத்தமோ இருந்தால் முதலில் டாக்டர். குணமானதும் விட்டுவிடாதீர்கள், சேலத்தம்மா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இப்போதும் தொடங்கலாம்.

மதுரை மகள்:
அம்மா திருச்செந்தூர் பேருந்தில் ஏறும் அன்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. போன தடவை மயங்கி என் மடியில் சாய்ந்தார், உதடு வெடித்திருந்தது. காரணத்தை அன்றுதான் சொன்னார். ஆண் டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். மதுரையில் இதைப் பார்க்கும் பெண் பிசியோ யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.