ஆபீஸ் கம்ப்யூட்டரை வெளிநாட்டிலிருந்து திறப்பது: எனிடெஸ்க்கா, விபிஎன்னா?

கரூர் கணக்கு:
வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிற ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். ஜனவரியில் முதலாளி பிராங்பர்ட்டுக்கு, ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிறார். பையர் ரேட் கேட்கும்போது, ஆபீஸ் மெஷினில் இருக்கிற காஸ்டிங் ஷீட்டையும் (அடக்கவிலைக் கணக்கு) டேலி கணக்கு சாஃப்ட்வேரையும் அங்கிருந்தே திறந்து பார்க்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி, ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி ரவுட்டரில் 3389 போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வருகிற வாசல்) திறந்துவிட்டால் விண்டோஸிலேயே இருக்கிற ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்துவிடலாம் என்கிறார். செய்யலாமுங்களா?

நொய்யல் கரை:
வேண்டவே வேண்டாமுங்க. எந்த ஐபியில் 3389 திறந்திருக்கிறது என்று ராப்பகலாகத் தேடிக்கொண்டே இருக்கிற புரோகிராம்கள் உண்டு. மாட்டினால் 'அட்மின்', 'டேலி', '12345' என்று பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். 2019 மே மாதம் வெளியான, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த புளூகீப் என்கிற ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. சப்போர்ட் நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது ஓட்டையை அடைக்க பேட்ச் கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் நான் போய்ப் பார்த்த ஒரு பனியன் கம்பெனியில் போர்ட் நம்பரை மட்டும் மாற்றிவிட்டுத் தெம்பாக இருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் டேலி ஃபோல்டரில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாப் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்து, நடுவில் பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல். பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே மெஷினில்தான் செருகியே கிடந்தது. அதுவும் போச்சு.

முதலில் விபிஎன், அதாவது இரண்டு மெஷினுக்கும் நடுவில் மற்றவர் நுழைய முடியாத தனிப் பாதை. ரிமோட் டெஸ்க்டாப் அதற்குள்ளேதான்.

பெருந்துறைக்காரன்:
போர்ட் விஷயத்தில் நொய்யல் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்துப் பேர் இருக்கிற ஆபீஸில் விபிஎன்னை யார் கட்டி மேய்ப்பது? நம் பக்கம் பல பிராட்பேண்ட் லைனில் தனி ஐபியே கிடையாது, ஒரே ஐபியை நிறைய வீட்டுக்குப் பங்கு போடுகிறார்கள். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. தூரத்துக் கம்ப்யூட்டரின் ஸ்கிரீனை அப்படியே காட்டி இயக்கவிடுகிற எனிடெஸ்க் ஆப்பைப் போட்டால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். நல்ல நீளமான பாஸ்வேர்டு வைத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட்டால் முடிந்தது வேலை.

நொய்யல் கரை:
தனி ஐபி இல்லாவிட்டாலும் விபிஎன் ஓடும். டெயில்ஸ்கேல் மாதிரியான விபிஎன் சேவைகள் வயர்கார்டு என்கிற விபிஎன் முறை மேல் ஓடுகிறவை. இரண்டு முனையும் வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும், போர்ட் திறக்கிற வேலையே இல்லை. ஹோட்டல் வைஃபையில் அது வழக்கமாகப் போகிற யுடிபி வழியை அடைத்து வைத்திருந்தாலும், வலைத்தளங்கள் திறக்கிற 443 போர்ட் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும், கொஞ்சம் மெதுவாக.

எனிடெஸ்க்கைப் பற்றி 2019லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனமே தன் சிஸ்டங்களில் ஆள் புகுந்ததை அறிவித்து, வலைத்தளப் பாஸ்வேர்டுகளை ரத்து செய்தது. வியாபாரத்துக்கு இலவசமும் கிடையாது. இன்னொன்று, முதலாளி பிராங்பர்ட்டில் சம்பள ஷீட்டைத் திறந்தால் கரூர் மானிட்டரிலும் அது விரியும். டீ கொண்டு வருகிற பையன் வரைக்கும் பார்ப்பான். ரிமோட் டெஸ்க்டாப்பில் இங்கே ஸ்கிரீன் லாக் ஆகிவிடும்.

பெருந்துறைக்காரன்:
ரிசர்வ் வங்கி சொன்னதை முழுசாகச் சொல்லுங்கண்ணா. போனில் பேசி ஆப்பைப் போடவைத்து, அதில் வருகிற 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி அக்கவுண்டைத் துடைக்கிறார்கள் என்பதுதான் அந்த எச்சரிக்கை. அது ஏமாற்று வேலை, சாஃப்ட்வேர் ஓட்டை இல்லை. ஸ்கிரீனை மறைக்க பிரைவசி மோடு இருக்கிறது.

உங்கள் வழியில் ஒரு சிக்கல். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் அதற்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் (கையெழுத்து இருக்கிற யுஎஸ்பி குச்சி) வேண்டும். ஆபீஸ் மெஷினில் செருகியிருக்கிற டோக்கன் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்தவருக்குத் தெரியாது. எனிடெஸ்க்கில் தெரியும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நொய்யல் கரை:
சரியான கேள்வி. டோக்கன் ஏன் கரூரில் செருகிக் கிடக்க வேண்டும்? அது முதலாளியின் கையெழுத்து. அவர் பையில் போகட்டும். லேப்டாப்பில் செருகினால் ரிமோட் டெஸ்க்டாப் அதை ஆபீஸ் மெஷினுக்குக் கடத்தும். டிரைவர் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று கிளம்புகிறதுக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

பீளமேட்டு மோட்டார்:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்த்தால் மெஷினையே திறக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. காஸ்டிங் ஷீட்டை ஆன்லைன் டிரைவில் போடுங்கள். டேலி பிரைமில் சந்தா நடப்பில் இருந்தால் ரிப்போர்ட்டை பிரவுசரிலேயே பார்க்கலாம். அவர் பார்க்கத்தானே போகிறார்?

கரூர் கணக்கு:
பார்க்க மட்டும் இல்லைங்க. காஸ்டிங் ஷீட் நூல் ரேட் ஃபைலோடு லிங்க் ஆகியிருக்கிறது, தினமும் காலையில் நான் மாற்றுவேன். டிரைவில் போட்டால் லிங்க் அறுந்துவிடும். மார்ஜின் வெளியே போய்விடும் என்று முதலாளிக்குப் பயம் வேறு.

பீளமேட்டு மோட்டார்:
அப்படியானால் விபிஎன் பக்கம் நான். ஆனால் கரண்டை யாரும் பேசவில்லையே? அங்கே காலை 9 மணிக்கு ஸ்டால் திறந்தால் இங்கே மதியம் ஒன்றரை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு விழுந்தால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற செட்டிங் பக்கம்) போய், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகிற செட்டிங்கைப் போடுங்கள். ஸ்லீப்பை நிறுத்துங்கள். ஓடிபியை ரோமிங் எஸ்எம்எஸ்ஸை நம்பி வைக்காமல், நெட் இல்லாமலே எண் காட்டுகிற ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வையுங்கள்.

பெருந்துறைக்காரன்:
நான் குவாங்சோவுக்கு, கான்டன் கண்காட்சிக்குப் போகிறவன். அங்கே கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பும் திறக்காது, விபிஎன்னும் எப்போது அறுகும் என்று தெரியாது. ஜெர்மனிக்குச் சரி, எல்லா ஊருக்கும் இதே வழி என்று எழுதாதீர்கள்.

நொய்யல் கரை:
சீனாவுக்கு என்றால் அந்த ஷீட்டை லாக் போட்டு லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போவதுதான் உத்தமம். அதை மறுக்கவில்லை.

கரூர் கணக்கு:
முதலாளியிடம் பேசினேன். விபிஎன், டோக்கன் அவர் பையில், பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைப்பது என்று முடிவு. சர்வீஸ் தம்பி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

பெருந்துறைக்காரன்:
ஒன்று கேட்கிறேன். ஆபீஸ் மெஷினில் இருப்பது விண்டோஸ் ப்ரோவா, ஹோமா? ஹோமில் ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது.

கரூர் கணக்கு:
ஹோம்.

நொய்யல் கரை:
ப்ரோவுக்கு மாற்றுங்க. செலவு ஒரு முறைதான்.

பெருந்துறைக்காரன்:
எனிடெஸ்க்குக்கு ஹோமே போதும்.