மாரியில் ஒடுங்கிப்போகும் நட்சத்திர ஆமை: என்ன செய்யலாம்?

கேள்வி (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். மீள்குடியேறிய காலத்தில் காணி துப்புரவாக்கியபோது, எரியும் பற்றைக்குள்ளிருந்து அப்பா ஒரு நட்சத்திர ஆமையை எடுத்துவந்தார். அன்றுதொட்டு அது எங்கள் வளவிலேயே வளர்கிறது. கோடையில் அறுகம்புல்லையும் செவ்வரத்தைப் பூவையும் தேடித் தின்னும் அது, கார்த்திகை மழை தொடங்கியதும் கோழிக்கூட்டின் மூலையில் ஒடுங்கிவிடும். இம்முறை சில நாள்களாக இரையெடுக்கவில்லை. மூக்குத் துவாரத்தில் சிறு குமிழி தோன்றி உடைகிறது. இது மாரி உறக்கம், தானாக எழும்பும் என்கிறார் அம்மா. அப்படியே விடலாமா?

பதில் 1 (மாங்குளம்)

தங்கச்சி, அப்படியே விட்டுவிடாதீர்கள். குளிர்நாட்டுத் தரையாமைகளில் சில மாதக்கணக்கில் உறங்கும். நட்சத்திர ஆமை நம் வறண்ட வலயத்துக்குரியது. அதற்கு அத்தகைய நீண்ட உறக்கம் இல்லை. தன் உடற்சூட்டை வெளியிலிருந்தே பெறும் பிராணி என்பதால், உடல் குளிர்ந்தால் செரிமானமும் நோயெதிர்ப்பும் சேர்ந்தே தளர்ந்துவிடும். வன்னியின் மார்கழி இரவுக் குளிரை மட்டுமென்றால் நலமான ஆமை தாங்கிக்கொள்ளும். நாள்கணக்காக ஈரம் காயாத தரையில் கிடந்தபடி அந்தக் குளிரையும் தாங்குவதுதான் ஆபத்து.

ஆகவே முதலில் ஈரத்தை அகற்றுங்கள். அகன்ற மரப்பெட்டியொன்றைச் சீமெந்துத் தரையில் படாமல் பலகைமேல் வைத்து, காய்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். ஒரு முனையில் மட்டும், ஓடு சுடாத உயரத்தில் 60 வாற்று இழைக்குமிழை (சூடு தரும் பழைய வகை மின்குமிழை)த் தொங்கவிடுங்கள். ஆமையின் முதுகு மட்டத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தால், குமிழின் கீழ் 32 பாகை செல்சியஸும் மறுமுனையில் 25 பாகையும் இருக்க வேண்டும். வேண்டிய சூட்டை ஆமையே தேடிக்கொள்ளும். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில், சுடுநீர்ப் போத்தலைப் பழைய சாரத்தில் சுற்றி அருகில் வையுங்கள். வெயில் எறிக்கும் நாளில், தரை காய்ந்தபின் வெளியே விடுவது அவசியம். கண்ணாடி யன்னலூடாக விழும் வெயிலில், ஓட்டுக்குத் தேவையான புறஊதாக் கதிர் பெரும்பாலும் தடைப்பட்டுவிடும்.

பதில் 2 (வவுனியா)

நீங்கள் கூறும் மூக்குக் குமிழி சுவாசத்தொற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும். ஆமைக்கு நம்மைப்போல் உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே மூச்சுக்கு உதவும் தசை) இல்லை. இருமிச் சளியை வெளியேற்ற இயலாததால் தொற்று நுரையீரலில் தங்கிவிடுகிறது. வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்செடுத்தாலோ, கண் வீங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். இப்போதுள்ள நிலையிலும் காட்டுவதே நல்லது. மனிதருக்கான மாத்திரை வேண்டாம். உடல் சூடேறுமுன் வற்புறுத்தி உணவூட்டவும் வேண்டாம். தாடைக்குக் கீழே நிற்குமளவு இளஞ்சூட்டு நீரில் கால்மணி நேரம் விட்டால் தானாகக் குடிக்கும். பின் நன்கு துடைத்துவிடுங்கள். பசி திரும்பியதும் புல்லும் முருங்கையிலையும் போதும். சோறு, பாண், பால் ஆகியவற்றைத் தவிருங்கள். கோழி எச்சத்தால் கிருமி பரவும் என்பதால் கூட்டிலிருந்து பிரித்தே வையுங்கள். தொட்டபின் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும்.

பதில் 3 (முல்லைத்தீவு)

மேலே கூறியவை யாவும் சரி. எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நட்சத்திர ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அனுமதியின்றி வீட்டில் வைத்திருக்க இயலாது. கடத்தல் பெருகியதால், 2019இல் சைட்டீஸ் எனும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பிலும், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள பட்டியலிலும், அது சேர்க்கப்பட்டது. உங்கள் அப்பா காப்பாற்றவே எடுத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வைத்தியம் பார்க்கும்போதே வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்கள் சொற்படி ஒப்படையுங்கள். நீங்களாகக் காட்டில் விட்டுவிட வேண்டாம். அதன் நோய் அங்குள்ள ஆமைகளுக்கும் தொற்றிவிடும். எந்தக் காணியில், எந்த ஆண்டில் எடுத்தீர்கள் என்பதை அப்பாவிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். குணமானபின் எங்கே விடுவிப்பதென்று அவர்கள் தீர்மானிக்க அது உதவும்.